வேலியோரப் பதினோரு புள்ளிகள்

கிணறு வேலிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வந்தவள் அப்படித்தான் சொன்னாள்.

"ஏனுங் மேடம், கெணறு எங்கயாச்சும் வேலிமேல இருக்குமுங்களா? நீங்களே சொல்லுங்க" என்று செல்போனை மேசையில் வைத்துத் திரையைத் தட்டினாள்.

நிலத்தடி நீர் வரைபட அலுவலகத்தில் மனு வாங்கும் மேசை ஜெயசுதாவுடையது. காலை பத்தேகாலுக்குள் ஏழு பேர் வந்து புலம்பிவிட்டுப் போயிருந்தார்கள். இவள் எட்டாவது ஆள். பேர் தாரணி, வயது முப்பத்தெட்டு. வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தாலும் குரலில் தெரியவில்லை.

"உக்காருங்கம்மா. படத்துல புள்ளி கொஞ்சம் தள்ளி விழறது சகஜந்தான். அஞ்சடி பத்தடி இருக்கும்."

"அஞ்சடிங்களா? கெணத்துக்கும் வேலிக்கும் நாப்பதடிங்க! அதும் எங்களுது மட்டுமில்லீங்க. எங்க வளவுல பதினோரு கெணறு. பதினொண்ணும் வேலிமேல, தடத்துமேல, தென்னமரத்துமேலன்னு ஏறி உக்காந்திருக்குது. ஒண்ணு வேலியோர மாட்டுக்கொட்டாய்க்குள்ள இருக்குதுங்க. அப்பறம் எருமைய எங்க கட்டறது?"

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தன் கணினியில் இடத்தைத் திறந்தாள். ஊரின் பேர் திரையில் வந்தது. கருக்கங்காட்டு வளவு. சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோனது.

இந்தப் 'படம்' என்ன சமாச்சாரம் என்று சொல்லிவிடுகிறேன். சினிமாப் படமில்லை. பூமிக்கு அடியில், மேல்பாறையின் விரிசல்களில், எங்கே எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று காட்டுகிற அடிநீர்ப் படம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஊர் ஊராக ஆள் அனுப்பி, கிணறு கிணறாக நாடா விட்டு அளந்து, அந்த எண்களைக் கணினியில் கொட்டிச் செய்தது. இரண்டு கிணற்றுக்கு நடுவே இருக்கிற நிலத்தை அதுவே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். தண்ணீர் இருக்கிற கட்டம் நீலம், இல்லாத கட்டம் பழுப்பு. ஏழு வருடத்துக்கு முன்னால் தண்ணீர்ச் சட்டம் வந்தபோது மோட்டார் சாவியை இந்தப் படத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். நீலக் கட்டத்து மோட்டார், படம் சொல்கிற நேரத்துக்கு ஓடும். பழுப்புக் கட்டத்து மோட்டார் ஓடாது. அழுதாலும் ஓடாது, கலெக்டரே வந்தாலும் ஓடாது.

குற்றம் மட்டும் சொல்லக்கூடாது. ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டு ஒருத்தர் தண்ணீரை இன்னொருத்தர் உறிஞ்சிக் குடித்த காலம் இந்தப் படத்தால்தான் ஒழிந்தது. எத்தனையோ ஊரில் செத்த கிணறு பிழைத்து வந்திருக்கிறது. ஆனால் படம் ஒரு முறை 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அதை 'இருக்கிறது' என்று மாற்றுவதற்குள் மனிதனுக்கு ஆயுசு முடிந்துவிடும்.

"எங்க வளவு பூராப் பழுப்புங்க" என்றாள் தாரணி. "ஆனா எங்க கெணத்துல தண்ணி கெடக்குது. நானே வாளி போட்டுச் சேந்தறேன். கையில எறச்சாக் குத்தமில்லீன்னு சட்டத்துல இருக்குதல்லங்க, அதனால. ரெண்டு எருமைக்கும் எரநூறு தென்னைக்கும் வாளியில எறைக்க முடியுமுங்களா? நூத்திச்சொச்சம் மரம் போயிருச்சு. என்ற வூட்டுக்காரரும் தவறிப்போயி ரெண்டு வருஷமாச்சு. இப்ப இந்த நோட்டீசு வேற."

நோட்டீசை ஜெயசுதா படிக்க வேண்டியதில்லை. அதை அடித்து அனுப்பியதே இந்த அலுவலகம்தான். பழுப்புக் கட்டத்திலிருக்கிற திறந்த கிணறுகள் ஆபத்தானவை, எனவே மாதக் கடைசிக்குள் மண் போட்டு மூடப்படும்.

"தண்ணி இருக்கற கெணத்த எதுக்குங்க மூடோணும்? போட்டோ எடுத்து அனுப்புனன். பதிலே இல்லீங்க."

"போட்டோவ யாரும்மா நம்பறாங்க இந்தக் காலத்துல?"

"அப்ப நீங்க ஆளை அனுப்பி அளங்க."

"அது முடியாதுங்க. சட்டம் வந்த புதுசுல ஆள் வருதுன்னு தெரிஞ்சா ராவோட ராவா டேங்கர் லாரியில தண்ணி கொண்டாந்து கெணத்துக்குள்ள ஊத்திட்டாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, ஊரே ஊத்துச்சு. அதனால கோர்ட்ல சொல்லிட்டாங்க, மொத மொத அளந்த எண்தான் எண்ணு, அதுதான் மூலக்கணக்கு, அதை யாரும் தொடக்கூடாதுன்னு."

"அந்த மொத அளவே தப்புன்னா?"

"தப்புன்னா ஒரே வழி, ஏழாம் நம்பர் படிவம். அன்னைக்கு அளந்த ஆளும் கெணத்துக்காரங்களும் சேந்து கையெழுத்துப் போடணும். ஏன் சரியா அளக்கலைங்கிற காரணத்த எழுதணும். படம் அதை ஒத்துக்கணும்."

தாரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அளந்த ஆளு யாருன்னு பாருங்க மேடம். அந்த ஆளப் புடிச்சு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கோணும்."

திரையில் 'அளவீட்டாளர் 118' என்று இருந்தது. பேர் இருக்காது, எண்தான் இருக்கும். ஜெயசுதா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடிப் பாக்கறேன்" என்றாள். "சனிக்கிழமை நானே வந்து இடத்தப் பாக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

தேடுவதற்கு என்ன இருக்கிறது? 118 அவள்தான்.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. காலனியில் முதல் பட்டதாரிப் பெண். ஆறு மாத ஒப்பந்த வேலை என்றாலும் அரசாங்க அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஒரு அளவு நாடா, ஒரு கைக்கருவி. நாடாவைக் கிணற்றுக்குள் விட்டு, தண்ணீர் தொட்டதும் அடியைப் படித்து, கருவியில் எண்ணை அடிக்க வேண்டும். எண்ணை அடித்த இடத்தையே கிணறு இருக்கிற இடம் என்று கருவி குறித்துக்கொள்ளும். சின்ன வேலைதான். அவள் அதை ஆசையோடு செய்தாள். ஒரு கிணற்றை இரண்டு தரம் அளப்பாள். சக ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்து குத்துமதிப்பாக எண் போட்டபோது, "உங்களுக்கெல்லாம் கூச்சமா இல்லையா?" என்று சண்டை பிடித்தவள்.

கருக்கங்காட்டு வளவில் முதல் தோட்டத்துப் பெரியவர் தங்கமாகத்தான் பேசினார். "வா கண்ணு, வெய்யில்ல வந்திருக்கற, மோரு குடி" என்று காகிதக் குவளையில் மோர் வரவழைத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார். "எந்தூரு கண்ணு?"

சொன்னாள்.

"அங்க எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பெரியவரின் முகம் மாறவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. அதே சிரிப்பு, அதே 'கண்ணு'. "நீ ஏன் கண்ணு செரமப்படற? சாமி கும்பிட்டு எறைக்கற கெணறு பாரு அது. நீ இங்கயே நில்லு, நானே எட்டிப் பாத்துச் சொல்றன்." போய்ப் பார்த்துவிட்டு வந்து, "முப்பது அடின்னு போட்டுக்க" என்றார்.

அடுத்த தோட்டத்துக்கு அவள் போய்ச் சேருவதற்குள் செல்போன் முந்திக்கொண்டது. வேலிப் படலுக்கு வெளியிலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "இங்கயே நில்லு கண்ணு." அதற்கடுத்த தோட்டத்திலும் அதேதான். பதினோரு தோட்டம், பதினோரு வேலி, நான்கு இடத்தில் மோர். யாரும் திட்டவில்லை, யாரும் கையை ஓங்கவில்லை.

கடைசி வேலியோரத்தில் நின்றபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் சொன்ன எண்ணை எழுத மனசு வரவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், 'என்னைக் கிட்ட விடவில்லை' என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் அவர் என்ன செய்வார்? நாளைக்கு வேறு ஆளை அனுப்புவார். அது இன்னும் கேவலம். அவள் ஒவ்வொரு வேலிக்கும் திரும்பிப் போய், நின்ற இடத்திலேயே நின்று, கருவியில் எண் அடித்தாள். எழுபது. எழுபத்தொன்று. அறுபத்தொன்பது. உங்க கிணத்துல தண்ணியே இல்ல போங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தாள். பதினோரு பொய்.

அது சட்டமாகும் என்று யார் கண்டார்கள்? அன்றைக்கு அது வெறும் கணக்கெடுப்பு. ஒப்பந்தம் நிரந்தரமாகி, கல்யாணமாகி, மகள் கல்லூரிக்கும் போய்விட்டாள். அந்த எழுபதுகள் மட்டும் படத்துக்குள் அப்படியே கிடந்தன. படம் பழுப்பு என்றது. பழுப்புக் கட்டத்துக்கு எதற்கு மீட்டர் என்று அங்கே மீட்டர் வைக்கவில்லை. மீட்டர் இல்லாததால் புது எண் வரவில்லை. புது எண் வராததால் படம் பழுப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஜெயசுதா ஏழாம் நம்பர் படிவத்தைத் திறந்து ஒத்திகை பார்த்தாள். முழு உண்மையையும் எழுதாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவளும் மனுஷிதானே.

காரணம் என்ற இடத்தில் 'மழை' என்று அடித்தாள். அன்று அந்த வட்டாரத்தில் மழை இல்லை என்றது படம். 'கிணற்றுச் சுவர் இடிந்திருந்தது' என்று போட்டாள். பதினொன்றுமா என்று கேட்டது. 'நாய்கள்' என்று அடித்தாள். அதற்குப் படம் நீளமாகப் பதில் சொன்னது.

'பதினோரு இடங்களிலும் அளவீட்டாளர் கிணற்றின் வாயிலிருந்து முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து அடி தூரத்தில் நின்றிருக்கிறார். நின்ற நேரம் சராசரியாக ஒன்பது நிமிடம். இவர் அளந்த மற்ற நானூற்று இருபது கிணறுகளில் இப்படி இல்லை. காரணம் போதவில்லை.'

ஜெயசுதா அதைப் படித்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டிய புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை. எத்தனை அடி தள்ளி நின்றாள், எத்தனை நிமிஷம் நின்றாள் என்று உலகத்தில் ஒரு ஜீவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள். இந்தப் பாழாய்ப்போன படத்துக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனாள். தாரணி படலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். "வாங்க மேடம், கெணத்தப் பாருங்க மொதல்ல" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். மொட்டைத் தென்னைகள் நடுவே நடந்து கிணற்றடிக்கு வந்ததும், ஜெயசுதா கைப்பையிலிருந்து நாடாவை எடுத்தாள். சுவரில் சாய்ந்து குனிந்து விட்டாள். தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. முப்பத்தொரு அடி.

"பெரியவர் சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.

"எந்தப் பெரியவருங்க?"

"உங்க மாமனார். அன்னைக்கு அளக்க வந்த ஆளு நாந்தாங்க. நாந்தான் எழுபதுன்னு எழுதினேன்."

தாரணிக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துபோயிற்று. இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஜெயசுதாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்புக் காய்ப்பாக இருந்தது. "அவரு போயி ரெண்டு வருஷமுங்க! ஒரு நாளைக்கு எண்பது வாளி! ஒரு பொட்டச்சி தனியாக் கெடந்து சாகறன், நீங்க கூசாம எழுபதுன்னு எழுதிப்போட்டு நாற்காலியில உக்காந்திருக்கறீங்க? எதுக்குங்க அப்பிடி எழுதுனீங்க? நாங்க என்ன பண்ணுனோம் உங்களுக்கு?"

ஜெயசுதா சொன்னாள். மோரைச் சொன்னாள், எந்தப் பக்கம் என்று கேட்டதைச் சொன்னாள், பதினோரு வேலியைச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். "எழுதினது தப்புத்தான். அளக்க விடலைன்னு எழுதியிருக்கணும். எனக்கு அன்னைக்குத் தைரியம் இல்ல, கோவம் மட்டுந்தான் இருந்துச்சு."

தாரணி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். எருமை ஒன்று கத்தியது, அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க மாமன் நல்ல மனுசனுங்க" என்றாள் கடைசியில். "என்னைய ஒரு வார்த்த கடிஞ்சு பேசுனதில்ல."

"எங்கிட்டயும் நல்லாத்தாங்க பேசினாரு."

தாரணி எழுந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "நானா இருந்தா நூறுன்னு எழுதியிருப்பன்" என்றாள். பிறகு, "அந்தப் படிவத்தக் கொண்டாங்க" என்றாள்.

கைப்பையிலிருந்த கைக்கருவியில் படிவத்தைத் திறந்து, புது அளவையும் போட்டு, தன் பங்கை ஜெயசுதா முதலில் எழுதினாள். 'நான் கிணற்றை அளக்கவில்லை. எண்ணைக் கற்பனையாக எழுதினேன்.' கையெழுத்துப் போட்டுக் கருவியைத் தாரணியிடம் நீட்டினாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். இதுல எழுதறத வெச்சு யார் மேலயும் கேஸ் போட முடியாது. படிவத்துலயே அப்படித்தான் இருக்கு. ஆனா எழுதினது படத்துல இருக்கும். அந்தப் புள்ளியத் தொட்டா யாரு வேணும்னாலும் படிக்கலாம். எப்பவும் இருக்கும், அழிக்க முடியாது."

"என்ற புள்ளைக படிக்குமுங்களா?"

"படிக்கும்."

"படிக்கட்டும். தாத்தன் மோரு குடுத்ததையும் சேத்து எழுதலாமுங்களா?"

"எழுதுங்க. அது உண்மைதானே."

தாரணி எழுதினாள். 'அளக்க வந்தவரை அவர் சாதியைக் கேட்டு எங்கள் மாமனார் கிணற்றுக்கிட்ட விடவில்லை. மோர் கொடுத்து வேலியோரத்தில் நிற்க வைத்தார். அது தப்பு.' கடைசி வாக்கியத்தைப் படிவம் கேட்கவில்லை, அவளாகப் போட்டாள்.

படம் யோசித்ததெல்லாம் நாலு விநாடி. வேலிமேலிருந்த புள்ளி நகர்ந்து கிணற்றுக்குள் போய் விழுந்தது. அதைச் சுற்றி ஒரே ஒரு கட்டம் நீலமாயிற்று. மோட்டார் ரூமுக்குள் பூட்டு விடுபட்டது. தாரணி ஓடிப்போய்ப் போட்டுவிட்டாள். குழாயில் முதலில் காற்று உறுமி, துரு வந்து, பிறகு தண்ணீர் கொட்டியது. அவள் சேலையோடு அதன் அடியில் போய் நின்றுகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே மற்றப் பத்துத் தோட்டக்காரர்களும் நாச்சிமுத்து ஐயா வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அவர் தாரணியின் மாமனாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், வயது எழுபத்தெட்டு, வளவில் மூத்தவர். தாரணிக்குத் தண்ணீர் வந்தது எப்படி என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஒரே ஆவல். ஜெயசுதாவுக்கு நாற்காலி போட்டார்கள். காபி வந்தது, காகிதக் குவளையில் அல்ல, எவர்சில்வர் டம்ளரில். அவள் அதைக் கவனித்தாள்.

ஜெயசுதா விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"எழுதறதுதானுங்க மாமா? ஒரே வரி" என்றாள் தாரணி. "வரிய எழுதுனா மோட்டார் ஓடுது."

"உனக்கென்ன சாமி, நீ வாக்கப்பட்டு வந்த புள்ள" என்றார் நாச்சிமுத்து ஐயா. "செத்துப்போன மனுசன் பேரக் கெடுத்துப்போட்டுத் தண்ணி பாய்ச்சற. நாங்க உசுரோட இருக்கறம் பாரு." பிறகு ஜெயசுதா பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "ஏங் கண்ணு, உன்னைய நாங்க வையல, அடிக்கல. வந்த புள்ளைக்கு மோரு குடுத்தோம். குடுத்தமா இல்லியா?"

"குடுத்தீங்க ஐயா."

"அப்பறம் என்ன? மழைன்னு எழுதிப்போடு."

"போட்டுப் பாத்தேங்க. படம் ஒத்துக்கல."

"கெணத்துச் செவுரு வழுக்குச்சுன்னு போடு."

"நாப்பதடி தள்ளி நின்னவளுக்கு எப்படி ஐயா வழுக்கும்? நான் எங்க நின்னேன்னு அதுக்குத் தெரியும். ஏன் நின்னேன்னுதான் கேக்குது."

பத்துப் பேரும் நல்லவர்கள்தான். பஸ் நிற்கும் இடம்வரை வண்டியில் கொண்டுவிட இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். தென்னை காய்ந்து, மாடுகளை விற்று, பிள்ளைகளின் நகரத்து வீட்டில் விருந்தாளியாகக் கிடந்து திரும்பியவர்கள். தண்ணீருக்காக எந்தச் சாமியிடமும் விழுந்து கும்பிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் எழுத அவர்களால் ஆகவில்லை.

"என்ற பேரன் கோயமுத்தூர்ல ஆபீசர்" என்றார் ஒருவர். "அவங்கூட வேலை செய்யறவங்க எல்லாப் பக்கத்து ஆளும்தான். அவனுக படத்தத் தொட்டுப் பாத்தா?"

"அப்பிடி ஒண்ணு நடக்கவே இல்லீன்னு இருக்கட்டும்" என்றார் இன்னொருவர்.

"நடக்கலைன்னா தண்ணியும் இல்லைங்க" என்றாள் ஜெயசுதா.

நாச்சிமுத்து ஐயா எழுந்தார். "அப்ப இல்லாமயே இருந்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பொய் எண் எழுதியதற்காக ஜெயசுதாவுக்குக் குறிப்பாணை வந்தது. மற்ற நானூற்று இருபது கிணறும் சரியாக அளந்தவைதான் என்று படமே சாட்சி சொன்னதால் வேலை தப்பியது. மனு மேசையிலிருந்து எடுத்து மூடல் பணியில் போட்டார்கள். கிணற்றடியில் நின்று, மண் விழுந்து முடிந்ததும், கருவியில் 'மூடப்பட்டது' என்று அமுக்க வேண்டிய வேலை. வேண்டுமென்றுதான் போட்டார்களோ என்னவோ, முதல் ஊரே கருக்கங்காட்டு வளவு.

மாதக் கடைசி நாள் காலை எட்டு மணிக்கு நாலு டிப்பர் லாரி வந்தது. வரிசைப்படி முதலில் நாச்சிமுத்து ஐயாவின் கிணறு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமாகவே வந்து நின்றார். இந்த முறை ஜெயசுதாவைத் தள்ளி நிற்கச் சொல்ல யாருமில்லை. அவள் கிணற்றுச் சுவரை ஒட்டியே நின்றாள். தாரணியும் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஐயா, இன்னமும் நேரமிருக்கு" என்றாள் ஜெயசுதா. "நீங்க எழுத வேண்டாம். நான் எழுதறேன், நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. உங்களுக்காகத்தான் ஐயா சொல்றேன். எனக்கு அந்த வரியால ஆகப்போறது ஒண்ணுமில்ல."

அவர் காது கேட்காதவர்போல நின்றார். மனசுக்குள் என்னவோ ஓடியது, தாடை அசைந்தது.

முதல் லாரி பின்பக்கமாக வந்து, சுவரை இடித்து வைத்திருந்த இடத்தில் மண்ணைச் சரித்தது. உள்ளேயிருந்து 'தொபீர்' என்று பெரிய சத்தம் வந்தது. தண்ணீர் எகிறித் தெறித்தது. ஜெயசுதாவின் முகத்திலும், தாரணியின் சேலையிலும், நாச்சிமுத்து ஐயாவின் சட்டையிலும் துளித்துளியாக விழுந்தது.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். வெளியூர்க்காரன், நடுத்தர வயது, குனிந்து உள்ளே பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். "ஐயா, நெறயத் தண்ணி கெடக்குதே! இதையா மூடச் சொல்றீங்க?"

நாச்சிமுத்து ஐயா கிணற்றைப் பார்க்கவில்லை. "படத்துல என்னன்னு போட்டிருக்குது?" என்று கேட்டார்.

டிரைவர் தன் போனைப் பார்த்தான். "தண்ணி இல்லைன்னுதான்."

"அப்ப இல்லை. கொட்டு."

"மாமா!" என்று தாரணி அலறினாள். அவர் கையைத் தூக்கி, 'கொட்டு' என்று மறுபடியும் சைகை காட்டினார். சட்டையிலிருந்த ஈரத்தை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

இப்படி ஒரு நாள் வந்தால் தனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஜெயசுதா ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இருபத்து நான்கு வயதில் வேலியோரத்தில் நின்று அவள் எழுதிய பொய்யை இந்த மனிதர் லாரி லாரியாக மண் கொட்டி உண்மையாக்கிக்கொண்டிருந்தார். இப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கண்ணீர் தானாக வந்தது, அவள் அடக்கவில்லை.

டிரைவர் ஒருமுறை அவள் முகத்தையும் ஒருமுறை கிழவரின் முகத்தையும் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறி அதை முன்னால் எடுத்தான். அடுத்த லாரி பின்பக்கமாக வரத் தொடங்கியது.